தளர்ந்து போன நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து கொடுக்கலாமா?

வீட்டு நாய் இரண்டு நாள் சோர்ந்து படுத்தால் போதும். “கால்சியம் குறைஞ்சிருக்கும் சார், ஒரு பாட்டில் வாங்கி ஊத்துங்க” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். பிராணிகளுக்கான சாமான் விற்கிற கடைக்காரரும் அதையேதான் சொல்வார். வீட்டுப் பாட்டியோ ஒரு படி மேலே போய், தன் மூட்டு வலிக்கு வாங்கி வைத்திருக்கும் கால்சியம் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து வைத்தே விடுவார். நன்றாக இருக்கிற, வளர்ந்த நாய்க்கு ஓரிரு நாள் இப்படிக் கொடுத்தால் பெரிய கெடுதல் வந்துவிடாது. ஆனால் புற்றுநோய் கண்ட நாய்க்குக் கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாக முடியலாம்.

நான் சித்த மருத்துவன்; கால்நடை மருத்துவன் அல்ல. பிறகு ஏன் இதை எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. “டாக்டர், எங்க நாய்க்குக் கேன்சர்னு சொல்லிட்டாங்க. ஊசி போட்டுக்கிட்டு இருக்கோம். எந்திரிக்கவே மாட்டேங்குது. தெம்புக்குக் கொஞ்சம் சங்கு பற்பம் கொடுங்களேன்” என்று கேட்டு எங்களிடம்தான் வருகிறார்கள். எங்கள் மருந்துக்குப் பக்க விளைவே கிடையாது என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். கொடுக்க மாட்டேன் என்றால் முகம் வாடிப் போகிறது. ஏன் கொடுக்கக் கூடாது என்பதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கால்சியம் நம்பிக்கை சும்மா வந்ததல்ல. பொமரேனியன் மாதிரி சின்ன ஜாதி நாய் குட்டி போட்டு, இரண்டு மூன்று வாரம் பால் கொடுத்த பிறகு திடீரென்று வெடவெடவென்று நடுங்கும், கால்கள் விறைக்கும், காய்ச்சல் அடிக்கும். பாலோடு சுண்ணாம்புச் சத்து வெளியே போய், தாயின் ரத்தத்தில் அது குறைந்து விடுவதுதான் காரணம். டாக்டர் வந்து நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஊசி ஏற்றினால், அரை மணி நேரத்தில் நாய் எழுந்து நிற்கும். ஒரு தடவை இதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். அதன் பிறகு எந்த நாய் தளர்ந்தாலும், எந்த நாய் நடுங்கினாலும் அவர்களுக்குக் கால்சியம்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த வைத்தியம் அந்த நோய்க்கு மட்டும்தான்.

எலும்பில் இருப்பது வேறு, ரத்தத்தில் ஓடுவது வேறு

உடம்பில் உள்ள கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சம் இருக்கிற துளிதான் ரத்தத்திலும் தசைகளிலும் ஓடுகிறது. துளி என்றாலும் லேசாக நினைக்கக் கூடாது. தசை சுருங்குவது, நரம்பு சேதி சொல்வது, ரத்தம் உறைவது, இதயம் துடிப்பது எல்லாம் அதை நம்பித்தான் நடக்கின்றன. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர் 1880களின் தொடக்கத்தில் தவளை இதயத்தை உப்பு நீரில் வைத்துத் துடிக்க விட்டு ஆராய்ந்தார். குழாய்த் தண்ணீரில் கரைத்த உப்பு நீரில் இதயம் நன்றாகத் துடித்தது. வடித்தெடுத்த சுத்தமான நீரில் கரைத்தபோது நின்று போனது. லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புதான் வித்தியாசம் என்று பிறகு கண்டுபிடித்தார்.

இவ்வளவு முக்கியமான சரக்கை உடம்பு காவல் இல்லாமல் விட்டு வைக்குமா? கழுத்தில் தைராய்டு சுரப்பியை ஒட்டி, அரிசி மணி அளவில் நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. பாராதைராய்டு என்று பெயர். ஸ்வீடன் தேசத்தில் உப்சாலா நகரில் ஐவர் சாண்ட்ஸ்ட்ராம் என்ற மருத்துவ மாணவர் 1877ல் இதை முதன்முதலில் கண்டது ஒரு நாயின் கழுத்தில்தான். அதற்கப்புறம்தான் மனிதனிடம் தேடிப் பார்த்து, 1880ல் எழுதினார். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இந்தச் சுரப்பி ஒரு ஹார்மோனை அனுப்பும். அது எலும்புக் கிடங்கைத் திறந்து கொஞ்சம் கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடும். சிறுநீரகத்திடம் “வெளியே விடாதே, பிடித்து வை” என்று சொல்லும். கால்சியம் சேர்ந்துவிட்டால் சுரப்பி வாயை மூடிக் கொள்ளும். ஒழுங்கான கணக்குப்பிள்ளை மாதிரி.

கட்டி போடும் கள்ளக் கையெழுத்து

சில புற்றுக் கட்டிகள் இந்தக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தையே கள்ளத்தனமாகப் போடுகின்றன. பாராதைராய்டு ஹார்மோனை அச்சாக ஒத்த ஒரு பொருளைக் கட்டியே சுரந்து ரத்தத்தில் விடுகிறது. எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் அசல் எது, போலி எது என்று தெரிவதில்லை. கிடங்கு திறந்து கொள்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது. உண்மையான சுரப்பி வாயை மூடிக் கொண்டாலும், கட்டி மூடாது. இப்படி ஒன்று இருக்கலாம் என்று அமெரிக்க டாக்டர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1941லேயே ஊகித்தார். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் ஆராய்ச்சியாளர்கள் 1987ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

ஆகவே இந்த நாய்க்குக் கால்சியம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அதன் சொந்த எலும்பிலிருந்துதான் வருகிறது. நீங்கள் தட்டில் வைக்கிற தயிர் சாதத்திலிருந்து அல்ல. அதனால், “பால், தயிரை அடியோடு நிறுத்திட்டா சரியாயிடுமா?” என்று கேட்டால், ஆகாது. சோறே இறங்காமல் கிடக்கிற நாய் இரண்டு கவளம் தயிர் சாதம் தின்றால் தின்னட்டும். நிறுத்த வேண்டியது கால்சியம் மாத்திரை, டானிக், வைட்டமின் டி, எலும்புத் தூள், பற்பம் ஆகியவற்றை.

எந்தப் புற்றில் இது வரும்? முதலில் வருவது லிம்போமா. நெறி கட்டுகிற இடங்களில், அதாவது தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்காலின் மடிப்பில், வலியில்லாத கட்டிகளாக வரும் புற்று. பாக்ஸர், கோல்டன் ரிட்ரீவர் போன்ற ஜாதிகளில் அதிகம் காண்கிறார்கள். லிம்போமா வந்த நாய்களில் எல்லாவற்றுக்கும் கால்சியம் ஏறுவதில்லை. டி-செல் வகை என்றால், அதிலும் நெஞ்சுக் கூட்டுக்குள் கட்டி இருந்தால், வாய்ப்பு மிக அதிகம்.

இரண்டாவது, வெளியே தெரியாத கள்ளன். நாயின் ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் வாசனைப் பைகள் இரண்டு உண்டு. வயதான நாய்களுக்கு அந்தப் பையில் ஒரு புற்று வரும். பட்டாணி அளவுகூட இருக்காது. ஆனால் கால்சியத்தை எங்கேயோ கொண்டு போய் நிறுத்திவிடும். இந்தப் புற்று வந்த நாய்களில் குறைந்தது நான்கில் ஒரு பங்குக்கு இப்படி ஆகிறது. நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக் கொண்டே போனால், “பூச்சி இருக்கும், பூச்சி மருந்து கொடு” என்று விட்டுவிடுகிறோம். கையுறை போட்ட விரலை விட்டுப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். வயதான நாயைச் சோதிக்கும்போது இதையும் பாருங்கள் என்று டாக்டரிடம் நீங்களே கேட்கலாம், தப்பில்லை. இவை தவிர எலும்பு மஜ்ஜைப் புற்றிலும், பாராதைராய்டிலேயே வளரும் கட்டியிலும் கால்சியம் ஏறும்.

தண்ணீர்ப் பாத்திரத்தை ஒளித்து வைக்காதீர்கள்

கால்சியம் கூடினால் வெளியே தெரிகிற முதல் அடையாளம் தாகம். பாத்திரம் பாத்திரமாகத் தண்ணீர் குடிக்கும். அதே அளவுக்குச் சிறுநீர் போகும். இதுவரை வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாத நாய் ராத்திரியில் ஹாலை நனைத்துவிடும். பிறகு சாப்பாடு குறையும், வாந்தி வரும், மலம் கட்டிக் கொள்ளும், பின்னங்கால் தளரும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. ரொம்ப அதிகமானால் தசை துடிக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். கவனியுங்கள்: தளர்ச்சி, தசைத் துடிப்பு இரண்டும் இங்கேயும் வருகின்றன. “கால்சியம் குறைஞ்சிருக்கும்” என்று தப்பாகத் தீர்ப்பு சொல்ல வைப்பது இதுதான்.

நடப்பது என்னவென்றால், கூடுதல் கால்சியம் சிறுநீரகத்தின் வேலையைக் கெடுக்கிறது. தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக் கொள் என்று மூளை அனுப்பும் ஹார்மோனுக்குச் சிறுநீரகம் செவி சாய்ப்பதில்லை. தண்ணீர் அப்படியே சிறுநீராக ஓடிவிடுகிறது. ஓடிப் போன நீருக்கு ஈடுகட்டத்தான் நாய் குடிக்கிறது. குடிப்பதால் சிறுநீர் போவதில்லை, போவதால் குடிக்கிறது. இந்த முறை தெரியாமல் நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? “ராத்திரி பூரா நனைக்குது, எட்டு மணிக்கு மேல தண்ணி வைக்காதே” என்று பாத்திரத்தை எடுத்து விடுகிறார்கள். உடம்பு வற்றிப் போகிறது. ரத்தத்தில் கால்சியம் இன்னும் கெட்டியாகிறது. ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகம் இரண்டே நாளில் மடங்கிப் போகலாம். ஹால் நனைந்தால் பழைய துணி போட்டுத் துடைத்துக் கொள்ளலாம். தண்ணீரை மட்டும் மறைக்காதீர்கள்.

சிறுநீரகக் கெடுதல் ஆரம்ப நாட்களில் திரும்பக் கூடியது. நாள் கடந்துவிட்டால், அதிலும் ரத்தத்தில் பாஸ்பரஸும் சேர்ந்து ஏறிவிட்டால், இரண்டும் கூடிச் சிறுநீரகத்திலேயே சுண்ணாம்பாகப் படியும். அப்புறம் புற்றுக்குக் கொடுக்கும் மருந்து பலித்தாலும், சிறுநீரகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியாது. ஒரு வாரம் டானிக் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருப்பதில் இருக்கிற ஆபத்து இதுதான்.

ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது

ரத்தச் சோதனை செய்யாமல் கால்சியம் கூடுதலா குறைவா என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. நாடி பிடித்தும் சொல்ல முடியாது. இதை நாடி பார்க்கிற நானே சொல்கிறேன்.

வளர்ந்த நாயின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமாராக 9 முதல் 11.5 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். மனிதனுக்கு உள்ளதைவிட இது சற்று அதிகம். மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால், அச்சடித்த மனித அளவுகளைப் பக்கத்தில் போட்டு, 11 என்று வந்தாலே ‘அதிகம்’ என்று குறி போட்டுக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குட்டிகளுக்கு இயல்பாகவே இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வளர்ந்த நாய்க்கு 12ஐத் தாண்டினால் மறுபடி சோதிக்க வேண்டும். 15, 16 என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொரு நுணுக்கம். ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் ஏறத்தாழ பாதிதான் தனியாக, வேலை செய்யும் நிலையில் ஓடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துத் தொங்கிக் கொண்டிருக்கும். புற்று வந்து மெலிந்த நாய்க்கு அல்புமின் குறைந்திருக்கும். அப்போது மொத்தக் கால்சியமும் குறைவாகத் தெரியும். உண்மையில் குறைவு இருக்காது. இதைப் பார்த்து ஊசி போட்டுவிட்டால் வம்பு. அதனால்தான் டாக்டர்கள் அயனிக் கால்சியம் என்று தனியாக ஒரு சோதனை கேட்கிறார்கள். நாய்க்கு அது லிட்டருக்குச் சுமார் 1.2 முதல் 1.4 மில்லிமோல். காற்றுப் படாமல் ரத்தம் எடுத்து உடனே பார்க்க வேண்டிய சோதனை. சாதாரணக் கால்சியம் சோதனைக்கும் ஒரு விதி உண்டு: ரத்த அணுக்களை எண்ண எடுக்கும் ஊதா மூடிக் குழாய் கூடாது. அதில் உள்ள மருந்து கால்சியத்தைப் பிடித்துக் கொள்ளும். ரிப்போர்ட்டில் இல்லாத குறைவு வரும். கூடவே பாஸ்பரஸ், யூரியா, கிரியாட்டினின், சிறுநீரின் அடர்த்தி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சென்னை வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று வெளியூர்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள டாக்டரிடம் வசதி இல்லையென்றால், அங்கே எழுதிக் கொடுக்கச் சொல்லிப் போகலாம்.

குறைப்பது எப்படி?

கால்சியத்தைக் குறைக்கிற உண்மையான வைத்தியம், புற்றைக் குறைப்பதுதான். போலிக் கையெழுத்துப் போடுகிற ஆள் போனால், கணக்கு தானே நேராகும். கட்டியை அறுத்து எடுத்த சில நாட்களிலேயே கால்சியம் இறங்கிவிடுவதைப் பார்க்கலாம். அதுவரை தாக்குப் பிடிக்க, உப்பு நீரை நரம்பில் ஏற்றுகிறார்கள். நீர்ச்சத்து சரியான பிறகு, கால்சியத்தைச் சிறுநீரில் தள்ள ஃப்ரூஸமைடு என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். இந்த வரிசை முக்கியம். வற்றிய உடம்பில் முதலிலேயே நீர் பிரிக்கிற மருந்தைக் கொடுத்தால் உள்ளதும் போய்விடும். எலும்புக் கிடங்கை அடைக்க பாமிட்ரோனேட், சோலிட்ரோனேட் என்ற மருந்துகளும் உண்டு. இவற்றின் வேலை தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும்.

பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு கால்சியத்தை நன்றாகக் குறைக்கும். ஆனால் என்ன நோய் என்று தெரிவதற்கு முன்பே அதை ஆரம்பித்துவிட்டால், லிம்போமாக் கட்டிகள் தற்காலிகமாகக் கரைந்து மறைந்து கொள்ளும். ஊசி குத்திப் பார்த்தாலும் அகப்படாது. பின்னால் கொடுக்கும் மருந்துக்கும் சரியாக மசியாது. ஆகவே கட்டியில் ஊசி குத்தி எடுத்த பிறகுதான் ஸ்டீராய்டு. “ஒரு ஊசி போட்டாங்க, கட்டி எல்லாம் போயிடுச்சு” என்று சந்தோஷப்பட்டுவிட்டு இருந்து விடாதீர்கள்.

லிம்போமாவுக்குச் சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிறிஸ்டின், பிரட்னிசலோன் என்ற நான்கையும் மாற்றி மாற்றிப் பல வாரம் கொடுக்கிறார்கள். பூரண குணம் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. மருந்தே இல்லையென்றால் பெரும்பாலும் ஓரிரு மாதம். மருந்து பலித்தால் பல மாதம், சில நாய்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் நல்லபடியாக ஓடும். கால்சியம் ஏறும் டி-செல் வகைக்கு ஆயுள் சற்றுக் குறைவு. செலவும் உண்டு, அலைச்சலும் உண்டு. வேண்டுமா வேண்டாமா என்பது ஒவ்வொரு குடும்பமும் நிதானமாக யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. வேண்டாம் என்று தீர்மானிப்பவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை.

இதில் வின்கிறிஸ்டின் எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் வீட்டு வாசலில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிற நித்திய கல்யாணிச் செடியிலிருந்து. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் 1963ல் மருந்தாக அனுமதி பெற்றது. இதைச் சொன்னால் உடனே, “அப்போ இலையை அரைச்சுக் கொடுத்திடலாமே!” என்கிறார்கள். வேண்டவே வேண்டாம். மணங்குக் கணக்கில் இலையிலிருந்து சிட்டிகை அளவே கிடைக்கிற சரக்கு அது. நரம்பில் மட்டுமே போட வேண்டியது. ஊசி கொஞ்சம் விலகித் தசையில் கசிந்தால்கூட அந்த இடம் அழுகிப் போகும். இலையை அரைத்துக் கொடுத்தால் மருந்து சேராது, அதில் உள்ள மற்ற நஞ்சுகள்தான் சேரும்.

குறைந்து போவதும் உண்டு

சிகிச்சையின் நடுவில் கால்சியம் நிஜமாகவே குறைகிற சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. உடம்பு நிறையக் கட்டி இருக்கும் நாய்க்கு முதல் கீமோ மருந்து போட்டதும், புற்று அணுக்கள் ஒரேயடியாகச் சிதையலாம். அவற்றுக்குள் இருந்த பாஸ்பரஸ் ரத்தத்தில் கொட்டி, கால்சியத்தைப் பிடித்து இழுத்துக் கொண்டுவிடும். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் வரக் கூடியது இது. பாராதைராய்டுக் கட்டியை எடுத்த பிறகு, இத்தனை நாள் சும்மா இருந்த மற்றச் சுரப்பிகள் விழித்துக் கொள்ள ஒரு வாரம் வரை ஆகும். அதற்குள்ளும் குறையும். எலும்பை அடைக்கிற மருந்தாலும் சில சமயம் குறையும்.

அப்போது நாய் முகத்தைப் பாதத்தாலும் தரையிலும் தேய்க்கும், அமைதி இல்லாமல் இங்கும் அங்கும் போகும், காதும் முகத் தசையும் வெட்டி வெட்டி இழுக்கும், நடை விறைக்கும், கடைசியில் வலிப்பு. இதற்கும் மாத்திரையைத் தேடி அலமாரியைத் திறக்காதீர்கள். ஆட்டோ பிடியுங்கள். நரம்பில் துளித் துளியாக, இதயத் துடிப்பைப் பார்த்துக் கொண்டே ஏற்ற வேண்டிய மருந்து அது. வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும். தோலுக்கடியில் போட்டால் புண்ணாகித் தோல் உரியும். பாஸ்பரஸ் ஏறியிருக்கும் நாய்க்குக் கால்சியத்தைத் தேவைக்கு மேல் கொடுத்தால், இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்தில் படியும். டாக்டரே யோசித்து யோசித்துக் கொடுக்கும் மருந்தை வீட்டில் எப்படிக் கொடுப்பது?

பற்பங்களும் வீட்டு அலமாரியும்

சங்கு பற்பம், பவழ பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பலகரை பற்பம், நத்தை பற்பம், முட்டை ஓட்டுப் பற்பம் என்று நாங்கள் கொடுக்கும் வெண்மையான பற்பங்களில் பல, அடிப்படையில் சுண்ணாம்புதான். கடல் பிராணியின் ஓட்டைச் சுத்தி செய்து, மூலிகைச் சாற்றில் அரைத்து, புடம் போட்டு எடுக்கிறோம். குன்மம், வயிற்றெரிச்சல், எலும்புத் தேய்வு என்று மனிதர்களுக்குத் தகுந்த அளவில், தகுந்த துணை மருந்தோடு கொடுக்க வேண்டியவை. நல்ல மருந்துகள். ஆனால் கால்சியம் ஏறிக் கிடக்கும் நாய்க்கு எந்த ரூபத்தில் போனாலும் சுண்ணாம்பு சுண்ணாம்புதான். சங்கிலிருந்து வந்தது என்பதற்காகச் சிறுநீரகம் தள்ளுபடி கொடுக்காது. ‘எலும்புக்கு பலம்’ என்று பாக்கெட்டில் போட்டு விற்கிற சூரணங்களிலும் இவை கலந்திருக்கும். வாங்குகிறவர்கள் பின்பக்கத்தைப் படிப்பதில்லை.

அலமாரியில் இன்னும் சில சாமான்களைப் பார்த்துக் கொள்ளுங்கள். வாரம் ஒன்று என்று நமக்கு எழுதிக் கொடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி. ஐந்து கிலோ நாய் ஒரே ஒரு மாத்திரையைக் கடித்தாலும் டாக்டரிடம் ஓட வேண்டும்; பெரிய நாய்க்கு அட்டையோடு தின்றால் அதே கதி. அந்த விஷம் உடம்பில் வாரக் கணக்கில் தங்கிக் கால்சியத்தை ஏற்றிக் கொண்டே இருக்கும். சொரியாஸிஸுக்குத் தடவும் கால்சிபோட்ரையால் களிம்பு இன்னும் மோசம். தடவிய கையை நாய் நக்குவதுகூடக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரைகளில் சேர்த்து வரும் தயாசைடு வகை நீர் மருந்தும் கால்சியத்தை ஏற்றும். வலிக்கிறது போலிருக்கிறதே என்று நம் ஐபுபுரோஃபெனையோ டைக்ளோஃபெனாக்கையோ கொடுத்தால், தத்தளிக்கும் சிறுநீரகம் அத்தோடு சரி. சாப்பாட்டு விஷயத்தில், சின்ன வெங்காயம், பூண்டு, திராட்சை மூன்றும் எந்த நாய்க்கும் ஆகாது. கஷாயத்தில் பூண்டு தட்டிப் போடுகிற நம் வழக்கம் நமக்கு மட்டும் இருக்கட்டும்.

கீமோ நடக்கும்போது வீட்டில்

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். காலையில் அளந்து தண்ணீர் வையுங்கள். மறுநாள் காலை மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளில் 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது இயல்பான தாகம் அல்ல. 25 கிலோ லாப்ரடார் என்றால் இரண்டரை லிட்டர். இதில் ஒரு குழப்பம் வரும். பிரட்னிசலோன் மாத்திரையே தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். ஸ்டீராய்டு எடுக்கும் நாய் நிறையக் குடித்தாலும், நன்றாகச் சாப்பிட்டு வாலாட்டிக் கொண்டிருந்தால் பெரும்பாலும் மருந்தின் வேலைதான். தாகத்தோடு சாப்பாடு குறைந்து, வாந்தியும் தளர்ச்சியும் சேர்ந்தால் கால்சியத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதனால் மருந்தின் அளவு மாறிய தேதிகளையும் அதே நோட்டில் குறித்துக் கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒவ்வொரு தடவை மருந்துக்குப் போகும்போதும் கால்சியம் பார்க்கச் சொல்வது நல்லது. முதலில் கால்சியம் ஏறியிருந்த நாய்க்கு, கட்டிகள் எல்லாம் மறைந்து நன்றாக இருக்கும் காலத்தில் மறுபடி அது மெல்ல ஏறினால், கைக்குத் தட்டுப்படும் முன்பே நோய் திரும்பி வருகிறது என்று அர்த்தம் எடுத்துக் கொள்ளலாம். கழுத்தைத் தடவிப் பார்த்துக் கொண்டிருப்பதைவிட இது முந்திச் சொல்லும்.

சிறுநீரைத் துடைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கீமோ மருந்து போட்ட மூன்று நாள் வரை சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்து கலந்து வரும். ரப்பர் கையுறை போட்டுக் கொண்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நனைந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். வீட்டில் கர்ப்பிணிப் பெண்களோ கைக்குழந்தைகளோ இருந்தால், அந்த மூன்று நாளும் அந்தப் பக்கம் விட வேண்டாம். டாக்ஸோரூபிசின் போட்ட அன்று சிறுநீர் சிவப்பாக இறங்கினால் ரத்தம் என்று பதற வேண்டாம். மருந்தின் நிறம் அது. இரண்டு நாள் கழித்தும் சிவப்பாகவே போனால், அல்லது முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால், சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி இருக்கலாம். டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.